டபிள்யூடபிள்யூஈக்கு முன்னால் பதினான்கு வருடம்: இண்டி ரெஸ்லர் எப்படித்தான் பிழைக்கிறார்?

பொடிமெனிக்கே எழுதியது:

நம் பக்கத்துப் பையன்களிடம் கெவின் ஓவன்ஸ் யார் என்று கேட்டால், வந்த புதிதிலேயே ஜோன் சீனாவைப் போட்டுத் தள்ளியவர் என்பார்கள். சரிதான், 2015 மே மாதம் டபிள்யூடபிள்யூஈ என்ற பெரிய அமெரிக்க ரெஸ்லிங் கம்பனியின் எலிமினேஷன் சேம்பர் நிகழ்ச்சியில் அது நடந்தது. அதற்கு முந்தைய பதினான்கு வருடம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். எனக்கு அந்தக் காலம்தான் சுவாரசியம்.

கனடாவில் கியூபெக் மாகாணம், மேரிவில் என்ற சின்ன ஊர். வீட்டில் பிரெஞ்சு. ஆங்கிலத்தை டீவியில் ரெஸ்லிங் வர்ணனை கேட்டுக் கேட்டே பழகியதாக அவரே சொல்லியிருக்கிறார். 2000 மே 7, தன்னுடைய பதினாறாவது பிறந்தநாளன்று முதல் மேட்ச். அப்போது கெவின் ஸ்டீன், அதுதான் சொந்தப் பெயரும். 2014 டிசம்பரில் டபிள்யூடபிள்யூஈயின் பயிற்சிப் பிரிவான என்எக்ஸ்டியில் கால் வைக்கும்வரை கியூபெக்கின் சின்னக் கம்பனிகள், கலிபோர்னியாவில் ரெசீடா என்ற இடத்தில் பழைய படைவீரர் சங்க மண்டபம் ஒன்றில் நடந்த புரோ ரெஸ்லிங் கெரில்லா, அப்புறம் ரிங் ஒஃப் ஹானர் என்று சுற்றினார். உடம்பும் போஸ்டரில் ஒட்டுகிற உடம்பு இல்லை, தொந்தியும் டீசேர்ட்டும் அரைக்காற்சட்டையுமாகத்தான் ரிங்கில் ஏறுவார்.

அவரோடு கூடவே வளர்ந்தவர் எல் ஜெனெரிகோ, முகமூடிக்காரர். சிரியாவிலிருந்து போன பெற்றோருக்கு கியூபெக்கில் பிறந்த பிள்ளை. இன்றைய சாமி ஸெய்ன். இரண்டு பேரும் சேர்ந்து ஜெயித்து, பிரிந்து, ஒரு வருடம் முழுக்க அடித்துக்கொண்டு, 2010 டிசம்பரில் நியூயோர்க்கில் அந்தக் கணக்கைத் தீர்த்தார்கள். அதே இரண்டு பேர் 2023 ஏப்ரல் 1 அன்று டபிள்யூடபிள்யூஈயின் வருடாந்தப் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவின் முதல் இரவைக் கடைசி மேட்சாக முடித்துவைத்தார்கள்.

இண்டி என்றால் பெரிய கம்பனியோடு முழுநேர ஒப்பந்தம் இல்லாமல், இரவுக்கு இரவு கூலி பேசி ஏறுவது. புதுப் பையனுக்கு ஆரம்பத்தில் காசே கிடைக்காது, ரிங்கை லொறியில் இருந்து இறக்கிப் பூட்டி, ஆட்டம் முடிந்ததும் கழற்றி ஏற்றுவதும் அவன் வேலை. கொஞ்சம் பெயர் எடுத்த பிறகு தருகிற காசும் நாலு பேர் ஒரே காரில் நெருக்கிக்கொண்டு போனால்தான் பெட்ரோலுக்குக் கட்டுபடியாகும். உண்மையான வருமானம் இடைவேளையில் மண்டபத்து மூலையில் மேசை போட்டு விற்கிற டீசேர்ட்டிலும் கையெழுத்துப் போட்ட படத்திலும்தான்.

இதைப் பிழைப்பு என்று சொல்வீர்களா, பைத்தியம் என்று சொல்வீர்களா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பைத்தியம்தான், ஆனாலும் அந்தப் பதினான்கு வருடத்தில்தான் அவருக்கு விலை ஏறியது. நேரே பெரிய கம்பனிக்குள் போயிருந்தால் அந்தத் தொந்தியோடு யாரும் அவரைச் சட்டை செய்திருக்க மாட்டார்கள்.


நாலாம் கட்டை எழுதியது:

எங்கள் அப்பா பழைய மல்யுத்தக்காரர்கள் தாரா சிங், கிங்காங் கதை சொல்லிச் சொல்லியே எங்களைச் சோறு தின்ன வைத்தவர். அந்த ஞாபகத்தில் உள்ளே வந்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். யார் ஜெயிப்பது என்று முதலிலேயே பேசி முடிவு செய்த ஆட்டத்துக்கு இவ்வளவு நீளமாக வரலாறு எதற்கு?


பொடிமெனிக்கே எழுதியது:

ஐயா, கோபம் ஒன்றும் இல்லை. மாசியில் காமன் பொட்டலில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறீர்கள்தானே. மன்மதன் எரியப் போகிறான் என்று தெரியாதவர் யாராவது அங்கே உண்டா? தெரிந்துகொண்டேதான் பனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருக்கிறோம், ரதி அழுகிறபோது கிழவிகளும் அழுகிறார்கள், மன்மதன் வேஷம் கட்டியவன் சொதப்பினால் அடுத்த வருடம்வரை தோட்டம் முழுக்க அதைச் சொல்லிச் சிரிக்கிறது. ரெஸ்லிங்கிலும் முடிவைப் பேசிவைக்கலாம். கூட்டத்தை எழுந்து நிற்க வைப்பதைப் பேசிவைக்க முடியாது.

அப்புறம் விழுவது பொய் இல்லை. ரிங் என்றால் மெத்தை என்று நினைக்கிறார்கள். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, மேலே மெல்லிசாக ஃபோம், அதன்மேல் கன்வாஸ், அவ்வளவுதான். டபிள்யூடபிள்யூஈயில் நிஜக் கயிற்றைச் சுற்றி டேப் ஒட்டியிருப்பார்கள், பல சின்னக் கம்பனிகளில் இரும்புக் கேபிளுக்கு மேல் ரப்பர் ஹோஸை மாட்டியிருப்பார்கள். புதியவர்களுக்கு முதுகிலும் விலாவிலும் கயிற்றுத் தடம் ஊதா நிறத்தில் நிற்கும். விழுகிற வித்தையைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள்: நாடியை நெஞ்சோடு ஒட்டவேண்டும், மேல்முதுகு முழுசாக ஒரே நேரத்தில் பட வேண்டும், கைகளை விரித்துத் தரையில் அடிக்க வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். தலை பின்னால் போனால் முடிந்தது கதை.


கவ்வாத்துக் கத்தி எழுதியது:

கூத்து உவமை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மன்மதன் வேஷக்காரன் மறுநாள் பெரட்டுக்குப் போவான், அவனுக்கு வேறு தொழில் இருக்கிறது. இண்டி ரெஸ்லருக்கு இதுதான் தொழில் என்கிறீர்கள். அப்படியென்றால் தொழிலாகவே பார்ப்போம்.

ஈபிஎப் உண்டா? ஈடிஎப் உண்டா? கால் உடைந்தால் நட்டஈடு உண்டா? ஒன்றும் இல்லை. இவ்வளவு ஏன், டபிள்யூடபிள்யூஈயில் இருக்கிறவர்களே சட்டப்படி ஊழியர்கள் கிடையாது, சுயாதீன ஒப்பந்தக்காரர்கள். எங்கே போக வேண்டும், என்ன உடுக்க வேண்டும், எந்தப் பெயரில் ஏற வேண்டும் என்று எல்லாவற்றையும் கம்பனி சொல்லும், காகிதத்தில் மட்டும் நீ சுதந்திரமானவன். ரிங்கில் பட்ட காயத்துக்கு வைத்தியச் செலவைக் கம்பனி பார்க்கிறது, மற்ற மருத்துவக் காப்புறுதி அவரவர் பாடு. இண்டியில் அந்த முதல் பாதியும் இல்லை. கழுத்து முறிந்தால் ரசிகர்களிடம் இணையத்தில் காசு சேர்ப்பார்கள்.

சங்கம் வைக்க ஒருவர் முயன்றார். ஜெசி வெஞ்சுரா, 1986, இரண்டாவது ரெஸ்ல்மேனியாவுக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் எழுந்து, இப்போது ஒன்றுசேர்ந்தால்தான் உண்டு என்று பேசினார். உடனேயே முதலாளி வின்ஸ் மக்மஹனிடமிருந்து மிரட்டல் தொலைபேசி வந்தது. யார் போட்டுக்கொடுத்தது என்று பல வருடம் அவருக்குத் தெரியாது. பிறகு வேறொரு வழக்கில் மக்மஹனைச் சாட்சியம் சொல்ல வைத்தபோது பெயர் வெளியே வந்தது: ஹல்க் ஹோகன். எல்லாரையும்விட அதிகம் சம்பாதித்த ஆள். வெஞ்சுரா பின்னால் மினசோட்டா மாநில ஆளுநராகவே ஆனார், அமெரிக்க ரெஸ்லர்களுக்கு இன்றுவரை சங்கம் இல்லை.

நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கு என்று சங்கம் தொடங்கிய மண்ணில் இருந்துகொண்டு, நாளாந்தக் கூலிக்கு உடம்பை உடைப்பதை "சுதந்திரம்" என்று பாராட்ட எனக்கு வாய் வரவில்லை. இங்கே தோட்டங்களிலும் அதே மணம்தான் அடிக்கிறது. நிரந்தரத் தொழிலாளியாக வைத்திருக்காமல் ஆளுக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, நீயே முதலாளி என்று சொல்கிறார்கள். கேட்க இனிப்பு. காய்ச்சலில் படுத்தால் தெரியும் யார் முதலாளி என்று.

இன்னொன்று. சின்க்ளேயர் என்ற டீவிக் கம்பனி 2011இல் ரிங் ஒஃப் ஹானரை வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஸ்டீன் அங்கே சாம்பியன் பெல்ட் கட்டியிருந்ததை முழு இண்டி என்று எண்ணுவது கொஞ்சம் தாராளம்.


வங்கிஓயா 77 எழுதியது:

ஆஹா, எரிந்த கட்சி எரியாத கட்சி ஆரம்பம். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருகிறேன்.


பொடிமெனிக்கே எழுதியது:

கத்தி அண்ணே, சங்கம் பற்றிச் சொன்னதில் ஒரு வரிக்கும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சங்கம் இல்லாத இடத்தில் தொழிலாளியின் கையில் இருந்த ஒரே ஆயுதம் "நான் இல்லாமலும் நீ, நீ இல்லாமலும் நான்" என்று சொல்லக்கூடிய நிலைதான், அதை இண்டிக்காரர்கள் எப்படி உண்டாக்கிக்கொண்டார்கள் என்றுதான் பார்க்கச் சொல்கிறேன்.

யங் பக்ஸ் சகோதரர்கள், கலிபோர்னியாக்காரர்கள். மேட்ச் காசைவிட டீசேர்ட் காசில் வாழ்ந்தவர்கள். யூடியூபில் தாங்களே சின்ன நிகழ்ச்சி எடுத்துப் போட்டார்கள், டிசைன் தாங்களே பார்த்தார்கள். 2017இல் அமெரிக்கா முழுக்கக் கிளை உள்ள ஹொட் டொபிக் கடைகளில் அவர்கள் குழுவின் சேர்ட் தொங்கியது, பெரிய கம்பனியின் தயவு இல்லாமல். கோடி ரோட்ஸ் 2016 மே மாதம் டபிள்யூடபிள்யூஈயை விட்டு, யாரோடெல்லாம் மோத வேண்டும் என்று ஒரு பட்டியலை வெளியே போட்டுவிட்டு இண்டிக்குள் இறங்கினார். அடுத்த வருடம் ஒரு ரசிகர் டேவ் மெல்ட்சர் என்ற ரெஸ்லிங் பத்திரிகையாளரிடம், ரிங் ஒஃப் ஹானரால் பத்தாயிரம் டிக்கெட் விற்க முடியுமா என்று கேட்க, அவர் இப்போதைக்கு முடியாது என்றார். கோடி ரோட்ஸ் முடியும் என்று பந்தயம் கட்டினார். 2018 செப்டம்பர் 1, சிக்காகோ பக்கத்தில் ஹொஃப்மன் எஸ்டேட்ஸ், நிகழ்ச்சியின் பெயர் ஓல் இன். டிக்கெட் அரை மணிக்குள் முடிந்தது, வந்தவர்கள் 11,263 பேர். நாலு மாதம் கழித்து, 2019 ஜனவரி 1 அன்று, ஏஈடபிள்யூ என்ற புதுக் கம்பனியை அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகு ரெஸ்லர்கள் ஒப்பந்தம் பேச உட்காரும்போது பக்கத்து அறையிலும் ஒரு முதலாளி இருந்தார். சங்கம் செய்ய வேண்டிய வேலையில் கால்வாசியை ஒரு டீசேர்ட் மேசை செய்தது.


கவ்வாத்துக் கத்தி எழுதியது:

அந்தப் பக்கத்து அறை முதலாளி டோனி கான், கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை. கடைசியில் இன்னொரு துரை பங்களாதானே. யங் பக்ஸ் பிழைத்தார்கள், சரி. அவர்களோடு அதே மண்டபத்தில் மேசை போட்டு ஒரு சேர்ட்டும் விற்காமல் மூட்டை கட்டியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கதையை யாரும் எழுத மாட்டார்கள்.


கடைசி பஸ் எழுதியது:

மலேசியாவில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் இண்டி ஷோ பார்த்தேன். கூட்டம் பெரிதாக இல்லை, நம் ஊர்ப் பள்ளிக்கூட ஒளிவிழாவுக்கு அதைவிட அதிகம் வரும். ஆனால் சத்தம்! முதல் வரிசையில் இருந்தால் நெஞ்சில் அறைகிற சத்தம் காதுக்குள் வெடிக்கிறது, டீவியில் அது தெரியாது. ரிங்கில் எல்லாரையும் திட்டித் தீர்த்த வில்லன் இடைவேளையில் மேசைக்குப் பின்னால் நின்று, சில்லறை இருக்கிறதா அண்ணே என்கிற மாதிரி பணிவாகக் கேட்டான்.

அங்கே நோர் டயானா என்று ஒரு பெண், ஹிஜாப் போட்டுக்கொண்டு ரெஸ்லிங் செய்கிறவள். 2019இல் ஆண்களையும் வென்று அந்த நாட்டு பெல்ட்டை எடுத்தபோது உலகப் பத்திரிகை எல்லாம் எழுதின. உடம்பில் ஒல்லி, உயரமும் இல்லை.

கத்தி சொல்வது உண்மை, அன்று ஏறிய மற்றவர்களில் ஒருவரின் பெயரும் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.


மழைக்கோட்டு எழுதியது:

அண்ணாமார், ஒரு சீரியஸ் கேள்வி. எனக்கு வயது 19, நோர்வூட் பக்கம். உயர்தரம் எழுதியாயிற்று. எல்லாரையும் போல கொழும்புக்குப் போய் கடையில் நிற்கச் சொல்கிறார்கள் வீட்டில். எனக்கு இதுதான் பைத்தியம். சிரிக்காமல் சொல்லுங்கள், எங்கே இருந்து தொடங்குவது?


மடுவத்து அக்கா எழுதியது:

தம்பி, சிரிக்கவில்லை. நான் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவள், அதனால் என் கண் முதலில் காயத்துக்குத்தான் போகும்.

பிரையன் டேனியல்சனை உனக்குத் தெரியும், டேனியல் பிரையன் என்று யெஸ் யெஸ் என்று கை தூக்குவாரே அவர்தான். 1999இல் டெக்சாஸில் ஷோன் மைக்கேல்ஸ் நடத்திய பள்ளியில் படித்து வந்தவர். ரிங் ஒஃப் ஹானரின் முதல் நிகழ்ச்சியில், 2002 பெப்ரவரியில், கடைசி மேட்சில் இருந்தவர்களில் ஒருவர். 2005 செப்டம்பரிலிருந்து 2006 டிசம்பர்வரை அந்தப் பெல்ட்டை வைத்திருந்தார். 2007இல் மொரிஷிமா என்ற ஜப்பான்காரரின் அடி கண்ணில் விழுந்து விழித்திரை பிரிந்தது. கண் போயிருக்க வேண்டியது. அப்படியும் அந்த மேட்சை முடித்துவிட்டுத்தான் இறங்கினார், அதை வீரம் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. 2014இல் ரெஸ்ல்மேனியாவில் ஒரே இரவில் இரண்டு மேட்ச் ஜெயித்து உச்சிக்குப் போனார், 2016 பெப்ரவரியில் ஓய்வு அறிவித்தார், வலிப்பு வந்ததை மறைத்ததையும் அப்போதுதான் சொன்னார். அந்தப் பேச்சில் ஒரு வரி: தொழிலில் இறங்கிய முதல் ஐந்து மாதத்துக்குள்ளேயே மூளையதிர்ச்சி மூன்று முறை வந்துவிட்டதாம். முதல் ஐந்து மாதம்! கையில் காசும் இல்லை, பெயரும் இல்லை, மூளையில் மூன்று அடி.

2018இல் வைத்தியர்கள் அனுமதி கொடுத்துத் திரும்பி வந்தார், 2024 ஓகஸ்டில் லண்டன் வெம்பிளியில் ஏஈடபிள்யூ உலக பெல்ட்டும் ஜெயித்தார். அதைக் கேட்டு ஆறுதல் பட்டுவிடாதே. தலையில் அடிபட்டு ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் வீக்கம் உயிரையே எடுக்கும், அதுவும் உன் வயதுக்காரர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். லயத்துக்குப் பின்னால் மெத்தை போட்டு யூடியூப் பார்த்துக் குதிக்கிற வேலையை மட்டும் செய்யாதே. கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பையன்களை நான் பார்க்கிறேன்.


பொடிமெனிக்கே எழுதியது:

தம்பி மழைக்கோட்டு, அக்கா சொன்னதுதான் முதல் பாடம். அப்புறம் நடைமுறை.

இங்கே உனக்குக் கிடைக்கக்கூடியது நிஜ மல்யுத்தமும் ஜூடோவும். இரண்டிலும் பாய் உண்டு, பயிற்றுநர் உண்டு, விழ முறையாகச் சொல்லித் தருவார்கள். இராணுவம், பொலிஸ் அணிகளில் மல்யுத்தம் பலமாக இருக்கிறது. 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டியில் பதினெட்டு வயதுப் பெண் நெத்மி அஹிம்சா மல்யுத்தத்தில் வெண்கலம் எடுத்தாளே, அவளும் இந்த நாட்டில்தான் பழகினாள். ஒரு வருடம் அதில் உடம்பைக் கட்டு.

கிட்டத்தில் உள்ள பெரிய பள்ளி என்றால் கிரேட் காளி 2015இல் பஞ்சாபில் ஜலந்தரில் தொடங்கியது. அங்கே பழகிய கவிதா தேவி, 2017இல் டபிள்யூடபிள்யூஈயின் மே யங் கிளாசிக் போட்டியில் சல்வாரோடு ஏறினார். காளியே பஞ்சாப் பொலிஸில் இருந்துவிட்டு அமெரிக்காவில் ஒரு சின்ன இண்டிப் பள்ளியில் பழகியவர்தான். கட்டணம், தங்குமிடம், விசா எல்லாவற்றையும் நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் அனுப்பாதே. வெளிநாட்டில் ரிங்கில் ஏறிக் காசு வாங்குவதற்கு வேலை விசா வேண்டும், சுற்றுலா விசாவில் போய் மாட்டினால் அந்த நாட்டுப் பக்கம் பிறகு தலைவைக்க முடியாது. இடைத்தரகர் யாராவது "டபிள்யூடபிள்யூஈயில் சேர்த்து விடுகிறேன்" என்று வந்தால் ஓடிவிடு.

கொழும்புக் கடை வேலையையும் அவமானமாக நினைக்காதே. இண்டியில் நிறையப் பேருக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது.


கவ்வாத்துக் கத்தி எழுதியது:

தம்பிக்கு நானும் ஒன்று சொல்கிறேன், போகாதே என்று சொல்ல மாட்டேன். ஏஜே ஸ்டைல்ஸைப் பார். 2002இல் டபிள்யூடபிள்யூஈ பயிற்சி ஒப்பந்தம் நீட்டியது. அதற்காக வீடு மாறினால் மனைவியின் படிப்பு கெடும் என்று வேண்டாம் என்றார். பிறகு டிஎன்ஏ என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பனியில் பத்து வருடத்துக்கு மேல் உழைத்து, அங்கே சம்பளப் பேச்சு சரிவராமல் வெளியேறி, ஜப்பான் போய் அங்கே 2014இல் முதல் பெல்ட்டை எடுத்து, 2016 ஜனவரியில் டபிள்யூடபிள்யூஈயின் ரோயல் ரம்பிள் நிகழ்ச்சியில் இறங்கியபோது வயது 38. அந்த வருடமே டபிள்யூடபிள்யூஈ பெல்ட். எனக்கு இதில் பிடித்தது பெல்ட் இல்லை. ஒப்பந்தத்தை வாசித்து, வீட்டுக் கணக்கைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வரிக்கு வரி வாசிக்கச் சொல்.


வங்கிஓயா 77 எழுதியது:

கத்தி அண்ணே கடைசியில் எரியாத கட்சிக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது.


கவ்வாத்துக் கத்தி எழுதியது:

வரவில்லை. சங்கம் வந்த பிறகு வருகிறேன்.


மழைக்கோட்டு எழுதியது:

நன்றி அக்கா, அண்ணாமார். ஜூடோ வகுப்பு ஹட்டன் பக்கம் எங்காவது நடக்கிறதா என்று நாளைக்கே விசாரிக்கிறேன், மெத்தை வேலையை நிறுத்திவிட்டேன். அம்மாவிடம் ஜலந்தர் பற்றி இப்போதைக்கு வாய் திறக்கப் போவதில்லை. அதுவரை பார்க்க எந்த மேட்ச்?


பொடிமெனிக்கே எழுதியது:

ஸ்டீன் எதிர் ஜெனெரிகோ, 2010 டிசம்பர், நியூயோர்க். தோற்றால் ஸ்டீன் கம்பனியை விட்டுப் போக வேண்டும், ஜெனெரிகோ முகமூடியைக் கழற்ற வேண்டும். அடிகளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், முதல் தடவை கூட்டத்தின் முகத்தை மட்டும் பார். அந்த மேட்சில் நாற்காலி, ஏணி எல்லாம் வரும், ஜூடோ வகுப்பில் அதைக் கேட்காதே.


மடுவத்து அக்கா எழுதியது:

வீட்டிலும் கேட்காதே.